பழைய முதலாளிக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் ரசிகர் அதன் பழைய முதலாளிகள் ஹிக்ஸையும் ஜில்லெட்டையும் திட்டுவார். நியூகாசில் ரசிகர் தன் கிளப்பின் பழைய முதலாளி மைக் ஆஷ்லியைத் திட்டுவார். பாளையங்கோட்டை மைதானத்துப் படிக்கட்டானாலும் உவரி வலைக்கூடமானாலும் இந்தப் பேச்சு மணிக்கணக்கில் ஓடும். நடுவில் ஒருவர், "சரி அண்ணாச்சி, அந்த ஆளு அப்படி என்னதான் செஞ்சாரு?" என்று கேட்டால் மட்டும், "கிளப்பையே நாசமாக்கிட்டாருல்லா!" என்பதற்கு மேல் பதில் வராது.

அஞ்சு சென்ட் மனை வாங்குவதற்குக்கூட முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஊர் நம்முடையது. அதே பழக்கத்தைக் கால்பந்து முதலாளிகளிடமும் காட்டலாம். ஒரு மாலைப்பொழுதில், ஒரு கிளப்பை மட்டும் எடுத்து, போய்விட்ட முதலாளியைக் காகிதத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் முறையைக் கீழே தந்திருக்கிறோம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இப்போது இருக்கும் முதலாளியை எடுக்காதீர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் கிளேசர் குடும்பம் 2005இல் வாங்கிய கிளப்பில் இன்னும் பெரும்பங்கை வைத்திருக்கிறது. அவர்களை எடுத்தால் போன வாரத்துத் தோல்விதான் பேச்சாகும். பிளாக்பர்னை வைத்திருக்கும் வெங்கீஸுக்கும் இதே கதைதான். அந்தப் பெயர் நம்மூரில் கட்டாயம் வரும். கோழிக் கம்பெனி, அதுவும் புனேக்காரர்கள். 2012 மே மாதம் விகனுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் மைதானத்துக்குள் கோழியை விட்டதைச் சொல்லிச் சிரித்து முடிப்பதற்குள் அரை மணி போய்விடும். நம் நாட்டுக்காரர் என்று ஒருத்தர் தாங்குவார், அதே காரணத்துக்காக இன்னொருத்தர் கூடுதலாக ஏசுவார். இரண்டும் கணக்கில் சேராது.

முதலாளி கிளப்பை விற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் தனியார் கம்பெனி தன் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்தால் போதும். கடைசி ஆண்டில் நடந்தது வெளியே வர அவ்வளவு நாளாகும். அதற்கு முன் கூடினால் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு சொல்ல வேண்டிவரும்.

நேரமும் இடமும்

இங்கிலாந்தின் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30, அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு 8.30. ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்தால் டீயும் வடையும் முடித்துவிட்டு ஆட்டம் பார்க்கலாம். கடற்கரை ஊர்களில் ஞாயிறு மதியம் நல்லது, அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். பன்னிரண்டு பேர் இருந்தால் போதும். இருபதைத் தாண்டினால் பின்வரிசையில் இன்னொரு கூட்டம் தனியாக நடக்கும்.

வாங்க வேண்டியவை இரண்டு சார்ட் பேப்பர், கருப்பு, நீலம், சிவப்பு என மூன்று ஸ்கெட்ச் பேனா. ஆவணத்தில் கண்டதைக் கருப்பில் எழுதுங்கள். பத்திரிகைச் செய்தியில் மட்டும் வந்ததை நீலத்தில். "எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லப்படுவது சிவப்பில். கூட்டம் முடியும்போது சிவப்பில் இருப்பதையெல்லாம் அடித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள் படங்கள் அத்தனையும் சிவப்புதான். தேதியும் யாரிடம் சொன்னது என்பதும் இல்லாத மேற்கோளைச் சுவரில் ஏற்றவே வேண்டாம்.

காகிதம் எடுப்பது

இதை ஒரு வாரம் முன்பே இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கைப்பேசியே போதும், பழகாதவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

கிளப்பின் இணையதளத்தில் அடிவரை இறங்கினால் பொடி எழுத்தில் கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். அங்கே சட்டப்படி அதைப் போட்டாக வேண்டும். அந்த எண்ணை இங்கிலாந்தின் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் ரசிகர் மன்றம், அறக்கட்டளை, ஒரே பெயரில் மூடிப்போன கம்பெனி என்று பத்து வந்து நிற்கும். எல்லா ஆவணமும் இலவசம்.

உள்ளே போனதும் மூன்று இடங்களைப் பாருங்கள். 'பீப்பிள்' என்பதில் யார் எப்போது இயக்குநரானார், எப்போது விலகினார் என்று இருக்கும். 'ஃபைலிங் ஹிஸ்டரி'யில் ஆண்டுக் கணக்குகள் கிடைக்கும். 'சார்ஜஸ்' என்பதுதான் நம்மூர் வில்லங்கம்: எந்தச் சொத்தை யாரிடம் அடமானம் வைத்தார்கள், எந்தத் தேதியில் என்று வரிசையாக வரும். பக்கத்தில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றிருந்தால் கடன் நிற்கிறது, 'சாட்டிஸ்ஃபைட்' என்றிருந்தால் மீட்டாயிற்று. மனை அடமானத்தில் 'ரத்து ரசீது' பதிந்ததா என்று பார்ப்போமே, அதேதான்.

ஆண்டுக் கணக்கு அறுபது எழுபது பக்கம் இருக்கும். அத்தனையும் ஜெராக்ஸ் போட வேண்டாம். ஐந்தாறு பக்கம் போதும்: இருப்புநிலைக் குறிப்பு, கடன்தாரர் குறிப்பு, முதலாளியின் சொந்தபந்தக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் 'ரிலேட்டட் பார்ட்டி' குறிப்பு, தணிக்கையாளர் சொன்னது, கணக்கு முடிந்த தேதிக்குப் பிறகு நடந்தவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய விற்பனையும் அவசரக் கடனும் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். முதலாவது, சுழியம். கணக்கின் தலைப்பில் 'ஆயிரம் பவுண்டில்' என்று போட்டிருப்பார்கள். 1,11,000 என்று பார்த்துவிட்டு ஒரு லட்சத்துச் சொச்சம் என்று நினைத்தால் போச்சு, அது 11.1 கோடி பவுண்டு. பத்து மில்லியன் ஒரு கோடி என்று சுவரில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். ரூபாயில் மாற்ற வேண்டாம். 2007 பவுண்டை இன்றைய விலையில் மாற்றினால் எல்லா முதலாளியும் குபேரனாகத் தெரிவார்.

இரண்டாவது, தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவது. கிளப் ஒரு கம்பெனி, அதன் மேல் ஒரு கம்பெனி, அதற்கும் மேல் ஒன்று என்று அடுக்கு இருக்கும். லிவர்பூலில் ஹிக்ஸும் ஜில்லெட்டும் வாங்கிய கடன் 'கோப் ஃபுட்பால்' என்ற பெயரில் மேலே வைத்த கம்பெனிகளில் இருந்தது. கிளப்பின் கணக்கை மட்டும் புரட்டியவருக்குப் பாரம் பாதிதான் தெரிந்திருக்கும். கணக்கின் கடைசிக் குறிப்பில் 'அல்டிமேட் கன்ட்ரோலிங் பார்ட்டி' யார் என்று இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்து மேலே ஏறுங்கள். உரிமையாளர் பெயரை எளிதில் வெளியே சொல்லாத கேமன் தீவு, டெலவேர் என்று வந்தால் படி அங்கே முடிந்தது. 'மேலே இருட்டு' என்று கருப்பிலேயே எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

நாலு கட்டம்

சார்ட்டை நாலாகப் பிரியுங்கள்: கிரயம், கடன், மனை, கைமாற்றம்.

கிரயத்தில் எவ்வளவுக்கு வாங்கினார், யார் பணத்தில் வாங்கினார். ஆஷ்லி 2007இல் சுமார் 13.4 கோடி பவுண்டுக்கு நியூகாசிலை வாங்கினார், சொந்தப் பணம். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹிக்ஸும் ஜில்லெட்டும் லிவர்பூலை வாங்கியது வங்கிக் கடனில். விலை மலிவாக இருந்தால் கூடுதலாகத் துருவுங்கள். பரி கிளப் 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 1885இல் தொடங்கிய கிளப் அது. ஒரு பவுண்டுக்கு வந்தது கிளப்பும் அதன் கடனும் சேர்த்துத்தான். 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அங்கே பழி கடைசி ஆளுக்கு மட்டும் போகக் கூடாது. அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்துச் 'சார்ஜஸ்' பக்கத்தையும் எடுத்து வாருங்கள்.

கடன் கட்டத்துக்குத்தான் நேரம் அதிகம் ஒதுக்க வேண்டும். கேள்வி மூன்று: யார் கொடுத்த கடன், வட்டி எவ்வளவு, வட்டியைக் கட்டுவது யார். முதலாளி தன் கையிலிருந்து வட்டியில்லாமல் போட்டதும், வங்கியில் வாங்கிக் கிளப்பின் டிக்கெட் காசில் வட்டி கட்டுவதும் ஒன்றல்ல. ஆஷ்லி நியூகாசிலுக்கு வட்டியில்லாமல் கொடுத்திருந்தது பத்துக் கோடி பவுண்டுக்கு மேல். அவரைப் பிடிக்காதவர்களும் இதை வரவுப் பக்கத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். பற்றுப் பக்கத்தில் 2009இலும் 2016இலும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, 2011இல் கிளப்பின் அரங்கான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குத் தன் விளையாட்டுப் பொருள் கடையின் பெயரைச் சூட்டியது. அரங்கு முழுக்கத் தொங்கிய கடை விளம்பரத்துக்குக் கிளப்புக்கு என்ன வந்தது என்பதை 'ரிலேட்டட் பார்ட்டி' குறிப்பில் ஆண்டு ஆண்டாகத் தேடி எழுதுங்கள். வட்டியில்லாக் கடனின் பெருமையை அதோடு சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

லிவர்பூலில் வேறு மாதிரி. 2010 அக்டோபரில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு அடைக்க வேண்டியது 20 கோடி பவுண்டுக்கு மேல் நின்றது. கெடு நெருங்க, இயக்குநர் குழு விற்பனைக்குச் சம்மதிக்க, முதலாளிகள் மறுக்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போய், 13ஆம் தேதி முதலாளிகளுக்கு எதிராக முடிந்தது. இரண்டு நாளில் 30 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. வந்த புதிதில் அறுபது நாளில் புது அரங்குக்கு மண் வெட்டுவோம் என்று ஜில்லெட் சொன்னதும் இந்தக் கட்டத்திலேயே வரும். அரங்கு எழவில்லை, கடன் எழுந்தது.

வீரர் விலை பற்றியும் இங்கேதான் சண்டை வரும். 40 மில்லியனுக்கு ஒருவரை நான்காண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால் கணக்கில் ஆண்டுக்குப் பத்தாகத்தான் கழியும். கையிலிருந்து போகும் காசும் தவணையாகப் போகலாம். "இந்த வருஷம் நாப்பது செலவழிச்சாரு" என்பது இரண்டிலும் சேராத எண். டெர்பி கவுன்ட்டி இந்தக் கழிவு முறையில்தான் வழக்கத்துக்கு மாறாகப் போய் மாட்டிக்கொண்டது. 2021-22இல் கணக்கு மீறலுக்கு 9 புள்ளி, திவால் நிர்வாகத்துக்குப் போனதற்கு 12 புள்ளி, ஆக 21 புள்ளி வெட்டு. இறங்கிவிட்டார்கள்.

மனை. எங்களைக் கேட்டால் நாலு கட்டத்தில் கனமானது இதுதான். ஆட்டக்காரர் போனால் வேறு ஆள் வருவார், மைதானம் போனால் வருவதற்குத் தலைமுறையாகும்.

பிரைட்டன் கிளப்பைப் பாருங்கள். தன் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995இல் விற்றார்கள். கிளப் மூடினாலும் பங்குதாரர் லாபம் எடுக்கக் கூடாது என்றிருந்த விதி கம்பெனியின் துணை விதிகளிலிருந்து காணாமல் போனதை ரசிகர்கள்தான் ஆவணத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். 1997 ஏப்ரல் 26 அங்கே கடைசி ஆட்டம். பிறகு இரண்டு பருவம் வேறு மாவட்டத்து ஜில்லிங்கமில் போய் ஆடி, அப்புறம் தடகள மைதானம் ஒன்றில் காலம் தள்ளி, 2011இல்தான் சொந்த அரங்கு. ஒரு விதியை அடித்ததற்கு விலை 14 ஆண்டு.

விம்பிள்டன் கிளப் 1991இல் தன் மைதானமான ப்ளவ் லேனை விட்டு வெளியேறி அடுத்தவர் அரங்கில் குடியிருந்தது. சொந்த மனை இல்லாத கிளப்பைத் தூக்கிக்கொண்டு போவது எளிது. 2002 மே 28 அன்று வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குப் போக அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் உடனே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி, 2011இல் லீக்குக்குள் வந்து, 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

லீட்ஸ் 2004இல் தன் மைதானமான எல்லாண்ட் ரோட்டை விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு ஆடி, 2017இல் மீட்டது. டெர்பியில் முதலாளி 2018இல் அரங்கைக் கிளப்பிடமிருந்து தன் இன்னொரு கம்பெனிக்கு 8.11 கோடி பவுண்டுக்கு மாற்றினார். இடது கையிலிருந்து வலது கைக்கு என்றாலும் அந்த ஆண்டுக் கணக்கில் லாபமாகத் தெரியும். லாபம் திடீரென்று குதித்த ஆண்டில் முதலில் மனை எங்கே என்று பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய வரி ஒன்றே ஒன்று: வந்தபோது மைதானம் யார் பெயரில், போனபோது யார் பெயரில்.

கைமாற்றத்தில் விற்ற விலை, வாங்கியவர், ரசிகர் கையில் ஏதாவது வந்ததா. நியூகாசில் 2021 அக்டோபரில் போனது 30.5 கோடி பவுண்டுக்கு என்று செய்தி; அது நீலத்தில். போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்ஏ கோப்பை வென்று, 2010இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், 2013இல் ரசிகர் அறக்கட்டளை கைக்கு வந்தது. நான்காண்டு நடத்திவிட்டு உறுப்பினர் வாக்கெடுப்பு வைத்து விற்றார்கள்.

பேச்சை நடத்துவது

ஒருவர் சார்ட்டில் எழுத, ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் முதலாளிக்கு வக்கீல். இந்த மூன்றாவது ஆளை விடவே கூடாது. அந்தக் கிளப்பின் ரசிகரையே வக்கீலாக்குங்கள். எதிரணிக்காரரைப் போட்டால் கிண்டலுக்காகத் தாங்கிப் பேசுவார். வக்கீலுக்கு வேலை இரண்டு: முதலாளி வரும்முன் கிளப் எந்த நிலையில் இருந்தது என்று சொல்வது, கோச்சின் தப்பு எது முதலாளியின் தப்பு எது என்று பிரிப்பது. கீழே இறங்கியதற்கு முதலாளியைப் பிடிப்பவர்கள் கோப்பை வென்றதற்கு கோச்சைத்தான் புகழ்வார்கள். ஒரே அளவுகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கிரயத்துக்கு 15 நிமிடம், கடனுக்கு 40, மனைக்கு 35, கைமாற்றத்துக்கு 15. மிச்சம் வாக்கெடுப்புக்கு. ஜெர்சி போட்டு வரலாம், கொடி வேண்டாம்.

வாக்கு 'நல்லவரா கெட்டவரா' என்று போகக் கூடாது. கேள்வி மூன்று. மைதானம் கிளப்பிடமே இருக்கிறதா? வந்தபோது இருந்ததைவிடக் கடன் குறைந்ததா? சொன்ன வாக்கில் பாதியாவது நிறைவேறியதா? ஆம் என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் கூழாங்கல். சருவச்சட்டியில் போடும்போது கல்லின் சத்தம் காட்டிக்கொடுக்கும், அடியில் துண்டை மடித்துப் போடுங்கள்.

அதே நாலு கட்டத்தில் நம் மன்றம்

இரண்டாவது சார்ட் பேப்பர் எதற்கென்றால் உள்ளூர் அணிக்கு. கடற்கரை ஊர்களிலும் பாளையங்கோட்டைப் பக்கத்திலும் ஒரு புரவலரின் தயவில் ஓடும் மன்றங்கள் நிறைய. ஜெர்சி அவர் வாங்கித் தந்தது, சுழற்கோப்பை அவர் வீட்டு ஷோகேஸில், ஆடுகிற இடம் அவர் பட்டாவில். அவர் நல்ல மனுஷராகவே இருக்கலாம். அவருக்குப் பின் பங்காளிகள் வருவார்கள்.

மனையிலிருந்து தொடங்குங்கள். இடம் பட்டாவா, புறம்போக்கா, பஞ்சாயத்தா, பள்ளிக்கூடமா, கோயிலா என்று தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். வாய்மொழிக் குத்தகையும் பதியாத ஒத்தியும் அதில் வராது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் இடமென்றால் 'ஆடிக்கிடுங்கப்பா' என்ற வாய்ச்சொல்லை எழுத்துக் குத்தகையாக்கிப் பதியுங்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் மன்றத்தைப் பதியலாம். துணை விதிகளைப் பக்கத்து மன்றத்திலிருந்து அப்படியே காப்பி அடிக்காதீர்கள். பிரைட்டனில் காணாமல் போன விதி உங்களுடையதில் இருக்க வேண்டும்: மன்றம் கலைந்தால் சொத்து எந்த உறுப்பினருக்கும் போகாது, இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குத்தான் போகும் என்று. அந்த விதியைத் திருத்த பொதுக்குழுவில் முக்கால் பங்கு வாக்கு வேண்டும் என்பதையும் கீழேயே எழுதுங்கள். வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரில், தலைவர், செயலர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்தில். புரவலர் பணம் தரும்போதே நன்கொடையா கடனா என்று ரசீதில் குறித்துவிடுங்கள். ஆண்டுதோறும் வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். முதல் வருஷம் போட்டுவிட்டு அப்புறம் மறந்துவிடுவதுதான் வழக்கம், அதனால் இந்த வேலையை டிசம்பர் டோர்னமென்ட்டுக்கு முன்பே முடிக்கிற மாதிரி செயலருக்குத் தேதி குறித்துக் கொடுங்கள்.

கோப்பைகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் போட்டி, இப்போது யார் வீட்டில். வைத்திருப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சார்ட்டோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள்.